சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், சரி. லைட்?

"சைக்கிள்ல லைட் இருந்துச்சாம்மா?"

விபத்து இழப்பீட்டு வழக்கில், இறந்துபோன சைக்கிள்காரரின் மனைவி கூண்டில் ஏறினால் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் இதைக் கேட்காமல் விடமாட்டார். குரலில் கனிவுகூட இருக்கும். அந்த அம்மாவும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியலைங்க" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு விலை உண்டு.

என்னிடம் வந்த ஒரு வழக்கை வைத்தே கணக்குப் போடலாம். இறந்தவர் நூற்பாலைத் தொழிலாளி, வயது 42. நைட் ஷிப்ட் முடிந்து, விடிவதற்கு முன் நான்குவழிச் சாலையின் இடது ஓரமாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த பால் வண்டி மோதிவிட்டது. மாதச் சம்பளம் 15,000, அதாவது வருடத்துக்கு 1,80,000. இந்த வயதுக்கு எதிர்கால வருமான உயர்வாக 25 சதவீதம் சேர்த்தால் 2,25,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் என்று நான்கு பேர் நம்பியிருந்ததால், அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழியும். மீதி 1,68,750. வருட இழப்பை எத்தனையால் பெருக்குவது என்பதை வயதை வைத்து முடிவு செய்வார்கள், இந்த வயதுக்கான பெருக்கல் எண் 14. ஆக 23,62,500 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவு போன்ற இதர தலைப்புகளில் கிடைப்பது தனி.

இப்போது அந்த லைட் கேள்விக்கு வருவோம். விளக்கில்லாமல் இருட்டில் போனதால் விபத்தில் அவருக்கும் கால் பங்கு பொறுப்பு உண்டு என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எழுதிவிட்டால், 5,90,625 ரூபாய் போய்விடும். சைக்கிள் கடையில் பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர் சில பத்து ரூபாய்தான்.

விதியை மீறியிருந்தாலே பணத்தைப் பிடித்துவிடலாம் என்று சட்டம் சொல்லவில்லை. பைக்கில் மூன்று பேர் போன ஒரு வழக்கில், அப்படிப் போனதே விபத்துக்கோ பாதிப்புக்கோ காரணமாக இருந்தால்தான் கழிக்க முடியும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதே வாதத்தைச் சைக்கிளுக்கும் வைக்கிறோம். ஆனால் பட்டப்பகலில் டபுள்ஸ் போனதற்கு அது கைகொடுக்கும் அளவுக்கு, கும்மிருட்டில் விளக்கில்லாமல் போனதற்குக் கைகொடுக்காது. ஓட்டுநருக்கு நாம் தெரியவே இல்லை என்பதுதானே அங்கே எதிர்த்தரப்பின் கதை!

எங்கள் அப்பா காலத்தில் சைக்கிளுக்குப் பஞ்சாயத்தில் காசு கட்டி வில்லை வாங்க வேண்டும். டைனமோ எரியாமல் வந்தால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். டபுள்ஸ் வந்தவர்கள் தூரத்தில் தொப்பியைப் பார்த்ததும் குதித்து இறங்கி, தள்ளிக்கொண்டே போவார்கள். அந்தக் கெடுபிடியை நான் கொண்டாடவில்லை. ஆனால் சைக்கிளுக்கும் சட்டம் உண்டு என்ற நினைப்பு அதோடு சேர்ந்து போய்விட்டது. மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை என்பதால் லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை, உண்மைதான். அதற்காக எப்படியும் ஓட்டலாம் என்றில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு, பொதுச்சாலையில் 'எந்த வாகனத்தையும்' கண்மூடித்தனமாக ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. சைக்கிளும் வாகனம்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் சைக்கிளில் போய் நடந்துபோகும் ஒரு பெரியவரை இடித்துத் தள்ளி, அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தால், உங்களுக்காகப் பணம் கட்ட எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் வராது. அவர் சிவில் கோர்ட்டுக்குப் போனால் நஷ்டஈடு உங்கள் கையிலிருந்துதான்.

விளக்குக்கு அடுத்தபடி என்னிடம் வரும் வழக்குக் கட்டுகளில் அதிகம் பார்ப்பது எதிர்த்திசைப் பயணம். இதில் சைக்கிள்காரரை மட்டும் திட்ட எனக்கு மனசு வராது. ஊரை இரண்டாகப் பிளந்து நான்குவழிச் சாலை போட்டுவிட்டார்கள். டீக்கடை இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம். மீடியனில் திறப்பு அரைக் கிலோமீட்டர் தள்ளி. 55 வயதுக்காரர் வெயிலில் அவ்வளவு தூரம் மிதித்துத் திரும்பி வருவாரா, ஓரமாக நூறடி எதிரே போய்விடுவாரா? போய்விடுவார். அந்த நூறடியில்தான் பஸ்ஸை முந்திக்கொண்டு இடது ஓரமாக ஒரு பைக் வரும். விபத்து நடந்த இடத்தைக் காட்டிக் காவல்துறை போடும் மாதிரி வரைபடத்தில் சைக்கிளின் அம்புக்குறி எதிர்த்திசையைக் காட்டினால், அதற்கப்புறம் நான் என்ன வாதாடினாலும் கொஞ்சம் கழியத்தான் செய்யும். அந்த நூறடிக்கு மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கேட்க அலுப்பாக இருக்கும், தெரியும்.

பேட்டரி சைக்கிள் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம் என்ற வரம்புக்குள் இருக்கும்வரைதான் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். "ஸ்பீடு லாக்கை எடுத்துவிட்டால் நாற்பதில் போகும் சார்" என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு எடுத்தால், அந்த நிமிடமே அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடும். பத்தாவது படிக்கும் பையன் அதை ஓட்டி யார்மீதாவது மோதினால், பெற்றோர் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, விபத்து நடந்துவிட்டது. முதலில் ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்றால், தனியாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் திட்ட வரம்புவரை பணம் கேட்க மாட்டார்கள். "எப்படி அடிபட்டது?" என்று டாக்டர் கேட்கும்போது சரியாகச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் யாரோ "சைக்கிளில் இருந்து விழுந்துட்டார்" என்று சொல்லி, விபத்துப் பதிவேட்டிலும் அப்படியே ஏறிவிட்டால், பிறகு வண்டி மோதியது என்று நிரூபிக்க வருடக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யுங்கள். வண்டி கடைசிவரை கிடைக்காவிட்டால் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 என்று அரசுத் திட்டத்தில் உண்டு. மனு கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகம் வழியாகப் போகும். வண்டி தெரிந்த வழக்கென்றால் ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் சொல்கிறது. அந்தக் கெடு சரியா என்று உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். அந்தச் சண்டையில் உங்கள் கட்டு மாட்ட வேண்டாம், காரியம் முடிந்த கையோடு வக்கீலைப் பாருங்கள்.

பெரும்பாலான குடும்பங்கள் கோட்டை விடுவது சைக்கிளில்தான். ஸ்டேஷனில் இருந்து திரும்பக் கிடைத்ததும், கண்ணில் படவே கூடாது என்று பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். அந்த நூற்பாலைத் தொழிலாளியின் சைக்கிளும் அப்படிப் போனதுதான். ஆனால் விபத்தன்று காலை மச்சினர் செல்போனில் நாலைந்து படம் எடுத்து வைத்திருந்தார். ஒன்றில் பின்சக்கரம் எட்டுப் போல வளைந்து கிடக்கிறது. மட்கார்டில் பால் வண்டியின் வெள்ளைப் பெயின்ட் உரசல். அதற்குக் கீழே, பாதி உடைந்து, ஒரே ஸ்குரூவில் தொங்கிக்கொண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர்.

படத்தைக் கோர்ட்டில் சான்றாவணமாகக் குறியீடு செய்த பிறகு இன்சூரன்ஸ் வக்கீல் லைட்டைப் பற்றி மேலே எதுவும் கேட்கவில்லை.