வீட்ல சொல்றது: ‘கமிங் அவுட்’க்கு தமிழ்ல என்ன சொல்?

கமிங் அவுட்னா என்ன? தன்பாலீர்ப்பு உள்ளவங்க, இருபாலீர்ப்பு உள்ளவங்க, திருநங்கை, திருநம்பி இப்படி யாரா இருந்தாலும், தன்னோட ஈர்ப்பு இது, தன்னோட பாலினம் இதுன்னு தானே முன்வந்து இன்னொருத்தர்கிட்ட சொல்றது. இதுல ‘தானே முன்வந்து’ங்கற வார்த்தைதான் முக்கியம், அத எடுத்துட்டா அர்த்தமே மாறிடும், அதுக்கு கடைசில வரேன். இது ஒரு நாள்ல முடியுற விஷயமும் இல்ல. முதல்ல தனக்குள்ள ஏத்துக்கணும், அப்புறம் ஒரு ஃப்ரெண்டு, அப்புறம் கூடப்பிறந்தவங்க, வேலை மாறினா அங்க புதுசா ஒருத்தர்னு வாழ்நாள் முழுக்க சொல்லிக்கிட்டேதான் இருக்கணும். ஆனா யார்கிட்ட கேட்டாலும் அம்மா அப்பாகிட்ட சொன்னதுதான் பெருசுன்னு சொல்வாங்க. வாய் வராத நிறைய பேர் அத கடிதமாத்தான் எழுதியிருக்காங்க.

இந்த சொல் எங்கேந்து வந்துச்சுன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும். பணக்கார வீட்டு வயசுப் பொண்ணுங்கள முதல் தடவையா ஒரு பெரிய விருந்துக்கு கூட்டிட்டு வந்து ஊருக்கு அறிமுகப்படுத்துறதுக்குத்தான் மேல்நாட்ல கமிங் அவுட்னு பேரு. அந்த வார்த்தைய 20ஆம் நூற்றாண்டோட முதல் பாதில அமெரிக்காவுல இருந்த ஓரினச்சேர்க்கை ஆண்கள் தங்களுக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. 1931ல பால்டிமோர்ல கருப்பின மக்களுக்காக வந்துட்டிருந்த ஒரு பத்திரிகை, இந்த ஆண்கள் நடத்துன நடன விருந்த பத்தி எழுதுறப்ப அந்த வருஷத்து ‘அறிமுகப் பொண்ணுங்க’ன்னே தலைப்பு போட்டுச்சு. வரலாற்று ஆய்வாளர் ஜார்ஜ் சான்சி இத விளக்கமா எடுத்துச் சொல்லியிருக்கார், அந்தக் காலத்துல இவங்க எதுலேந்தோ ‘வெளிய’ வரல, தன்ன மாதிரி இருக்குற ஆட்களோட உலகத்துக்கு ‘உள்ள’ வந்தாங்க, அது ஒரு வரவேற்பு.

‘க்ளாசெட்’ங்கற இருட்டு அறைலேந்து வெளிய வர்றதுங்கற உருவகம் அப்புறமா, 1960கள்லதான் இதோட ஒட்டிக்கிச்சு. க்ளாசெட்னா அவங்களுக்கு துணிமணி வைக்குற சின்ன அறை, குடும்ப ரகசியத்த பூட்டி வைக்குற இடம். நம்ம பேச்சுல க்ளாசெட்னா கழிப்பறை சாமான், அலமாரின்னு மாத்திப் போட்டாலும் ஒண்ணும் தோணாது, அதனால இந்த உருவகத்த அப்படியே தமிழுக்கு தூக்கிட்டு வர்றதுல எந்தப் பிரயோஜனமும் இல்ல.

சொல் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே செயல் இருந்துச்சு, அதுவும் கடிதமாவே. ஜெர்மனில கார்ல் ஹைன்ரிஷ் உல்ரிக்ஸ்னு ஒரு வழக்கறிஞர். 1862ல தன்னோட அக்கா தங்கச்சி சொந்தக்காரங்களுக்கு வரிசையா கடிதம் எழுதி, தன் மனசு ஆண்கள்கிட்டதான் போகுது, இது பிறவிலயே வந்தது, மாத்திக்கற பழக்கம் இல்லன்னு எடுத்துச் சொன்னார். அஞ்சு வருஷம் கழிச்சு 1867 ஆகஸ்ட் 29ல மூனிக்ல, சட்ட அறிஞர்கள் மாநாட்டுல நூத்துக்கணக்கான பேர் முன்னாடி எழுந்து, இப்படிப்பட்டவங்கள தண்டிக்கிற சட்டங்கள எடுக்கணும்னு பேசினார், கூச்சல் போட்டு நிறுத்திட்டாங்க. எனக்கு அந்த வரிசைதான் மனசுல நிக்குது: முதல்ல குடும்பத்துக்கு கடிதம், அதுக்கப்புறம்தான் மேடை.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? ‘வெளியே வருதல்’னு நிறைய பேர் எழுதுறாங்க. நேரடியான மாத்தம், ஆனா பேச்சுல “அவன் வெளிய வந்துட்டான்”னா ஜெயில்லேந்தா, வீட்ட விட்டான்னுதான் முதல்ல தோணும். “அம்மாகிட்ட வெளிய வந்தேன்”னு சொல்லிப் பாருங்க, வாக்கியம் உக்காரவே மாட்டேங்குது. ‘மனம் திறத்தல்’ அழகான சொல், ஆனா கடன் வாங்குனத சொன்னாலும் மனம் திறக்குறதுதான்.

மோசமானது ‘ஒப்புக்கொள்ளுதல்’. “தான் தன்பாலீர்ப்பாளர் என ஒப்புக்கொண்டார்”னு செய்தில வர்றப்பல்லாம் மனசு கசக்கும். ஒப்புக்கொள்றது குத்தத்த. திருடினவன் ஒப்புக்குவான், பொய் சொன்னவன் ஒப்புக்குவான். தன்ன யாருன்னு சொல்றவங்க எத ஒப்புக்கணும்? 2022ல தமிழ்நாடு அரசு, சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒண்ணுக்கு அப்புறம், இவங்கள மரியாதையா குறிக்க ஒரு சொற்பட்டியலையே அரசிதழ்ல வெளியிட்டுச்சு. பேர்ச்சொல்ல இவ்வளவு கவனமா மாத்திட்டு வினைச்சொல்ல மட்டும் போலீஸ் பாஷைல விட்டு வச்சா எப்படி?

எழுத்துக்கு என்னோட ஓட்டு ‘வெளிப்படுதல்’. அது புதுசா செஞ்ச சொல்லும் இல்ல. தொல்காப்பியம் களவியல்ல மறைவான காதல் பிறருக்கு தெரிய வர்றதுக்கு இதே வினைதான் இருக்கு, “வெளிப்பட வரைதல் படாமை வரைதல்”னு, காதல் வெளிப்பட்ட பிறகு மணக்குறது, வெளிப்படாமலே மணக்குறதுன்னு ரெண்டு வழி. பேச்சுக்கு சொல் தேடவே வேணாம், ஏற்கனவே இருக்கு. “வீட்ல சொல்லிட்டியா?” “இன்னும் இல்ல, பயமா இருக்கு.” இவங்களுக்குள்ள இப்படித்தான் கேட்டுக்கறாங்க, என்னத்த சொல்லிட்டியான்னு யாரும் விளக்கம் கேக்குறதில்ல.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது இன்னொரு சொல்ல பத்தி. ‘அறத்தொடு நிற்றல்’. அகப்பாட்டு படிச்சவங்களுக்கு தெரியும். ஒரு பொண்ணு யாருக்கும் தெரியாம காதலிக்கிறா, அந்த உண்மை படிப்படியா வீட்டுக்கு போய் சேருது, தலைவி தோழிகிட்ட சொல்வா, தோழி வளர்த்த தாயான செவிலிகிட்ட, செவிலி பெத்த தாய்கிட்ட, தாய் அப்பா அண்ணன்மார்கிட்ட. இந்த ஒவ்வொரு சொல்லலுக்கும் பேரு அறத்தொடு நிற்றல்தான். அதுக்கு ஏழு வகை இருக்குன்னு தொல்காப்பியம் கணக்கு வச்சிருக்கு, தலைவன் எளிமையானவன்னு சொல்ற ‘எளித்தல்’ல ஆரம்பிச்சு கடைசில ‘உண்மை செப்பல்’ வரைக்கும். அந்தப் பாட்டெல்லாம் ஆண் பெண் காதல பத்தினதுதான், அதுல இல்லாதத இருக்குன்னு நான் சொல்லல. ஆனா வீட்டுக்கு தெரியாத ஒரு அன்ப வீட்ல சொல்றதுக்கு, அறத்தோட பக்கம் நிக்குறதுன்னு பேர் வச்ச மொழில, நம்ம பிள்ளைங்க சொல்றப்ப மட்டும் ‘ஒப்புக்கொண்டார்’னு எழுதுறோமே, அதுதான் வலிக்குது.

கபிலரோட குறிஞ்சிப்பாட்டு 261 அடி, முழுக்க முழுக்க இந்த ஒரே வேலைதான், தோழி செவிலித்தாய்கிட்ட சொல்றா. பொண்ணு மெலிஞ்சு போறா, நகையெல்லாம் நெகிழுது, காரணம் தெரியாத தாய் விவரம் தெரிஞ்சவங்கள கேக்குறா, ஒவ்வொரு சாமியா கும்பிடுறா. தோழி எடுத்த எடுப்புல விஷயத்த போட்டு உடைக்கல. “அன்னாய் வாழி, வேண்டு அன்னை”ன்னு ஆரம்பிச்சு, “எய்யா மையலை நீயும் வருந்துதி”ங்கறா, என்னன்னு புரியாம நீயும்தானே கஷ்டப்படுற அம்மான்னு. அப்புறம் தலைவி சொன்னத சொல்றா: “இருவேம் ஆய்ந்த மன்றல் இது என நாம் அறிவுறாலின் பழியும் உண்டோ”, நாங்க ரெண்டு பேரும் யோசிச்சு எடுத்த முடிவு இதுன்னு நாமளே தெரியப்படுத்துனா அதுல பழி என்ன இருக்கு? அதுக்கப்புறம், நடந்தத நடந்தபடியே உனக்கு நல்லா புரியுற மாதிரி சொல்றேன், “சினவாதீமோ”, கோவப்படாத.

வீட்டுக்கு கடிதம் எழுத உக்காந்து முதல் வரியே வராம தவிக்கிறவங்களுக்கு இத விட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியல. முதல்ல அம்மாவோட கவலைய பேசுறா. ரெண்டாவது இதுல பழி இல்லன்னு தெளிவா சொல்றா. மூணாவதா நடந்தத சொல்றா. மன்னிப்பு எங்கயும் இல்ல.

நம்ம ஆளுங்க எழுதுற கடிதத்துல இந்த மன்னிப்புதான் தானா வந்து உக்காந்துடும். “அன்புள்ள அம்மா அப்பாவுக்கு, என்ன மன்னிச்சிடுங்க, இத்தன வருஷமா உங்கள ஏமாத்திட்டேன்”னு தொடங்குனா, படிக்கிறவங்க அடுத்த வரிக்கு போறதுக்குள்ளயே என்னமோ பெரிய குத்தம் நடந்துடுச்சுன்னு முடிவு பண்ணிடுவாங்க. அதையே “நான் நல்லா இருக்கேன். என் வாழ்க்கைல ஒரு முக்கியமான விஷயம் உங்களுக்கு தெரியாம இருக்கு, அது தெரியாம நீங்களும் என்ன நெனச்சு கவலப்படுறீங்க, அதனால எழுதுறேன்”னு எழுதிப் பாருங்க. நலம், நலமறிய ஆவல்னு நாம சம்பிரதாயத்துக்கு எழுதுற அந்த முதல் வரி இந்த ஒரு கடிதத்துல நிஜமாவே வேலை செய்யும், பிள்ள பத்திரமா இருக்கான்னு தெரிஞ்ச பிறகுதான் பெத்தவங்களால மீதிய படிக்க முடியும்.

நேர்ல சொல்றத விட கடிதத்துக்கு சில வசதி இருக்கு. நடுவுல யாரும் மறிக்க முடியாது. அப்பா முதல் தடவ கோவத்துல படிச்சாலும் மறுநாள் ராத்திரி தனியா இன்னொரு தடவ படிக்கலாம், அதே வார்த்தைங்க அப்படியே இருக்கும். அதிர்ச்சில அவங்க முகம் மாறுறத நீங்க பாக்க வேண்டாம், அவங்களும் அந்த முகத்த உங்களுக்கு காட்ட வேண்டாம். ஆனா படிப்புக்கும் சோத்துக்கும் தங்குறதுக்கும் அவங்கள மட்டுமே நம்பி இருக்குற நிலைமைல, அடிச்சுடுவாங்க, பூட்டி வச்சுடுவாங்கங்கற பயம் இருந்தா, எழுதுனத கொடுக்காம வச்சிருங்க. சொல்லாம இருக்குறது கோழைத்தனம் இல்ல, பொய்யும் இல்ல.

பெத்தவங்க பக்கத்துக்கு வர்றேன். கமிங் அவுட்ங்கற சொல்லுல பிள்ளைக்கு மட்டும்தான் இடம். அறத்தொடு நிற்றல்ல அப்படி இல்ல, கேட்டுக்கிட்ட தாய் அடுத்தவங்ககிட்ட போய் பிள்ளைக்காக நிக்குறதும் அதே சொல்தான். 1972 ஜூன்ல நியூயார்க்ல தன்பாலீர்ப்பாளர்கள் நடத்துன ஊர்வலத்துல ஜீன் மேன்ஃபோர்டுங்கற பள்ளி ஆசிரியை, தன்பாலீர்ப்பாளரான தன் மகன் கூட, கைல ஒரு அட்டை புடிச்சிட்டு நடந்தாங்க, பெத்தவங்களே, பிள்ளைங்களுக்கு ஆதரவா ஒண்ணு சேருங்கன்னு. பாத்தவங்க எங்க அம்மா அப்பாகிட்டயும் பேசுங்கன்னு கெஞ்சுனாங்க, 1973 மார்ச்ல பெத்தவங்களுக்கான முதல் கூட்டம் நடந்து அதுவே ஒரு பெரிய அமைப்பாச்சு. அந்தம்மா செஞ்சதுக்கு இங்கிலீஷ்ல தனி சொல் இல்ல, நம்மகிட்ட இருக்கு.

கடைசியா அந்த ‘தானே முன்வந்து’. ஒருத்தர் சம்மதம் இல்லாம அவர பத்தி மத்தவங்க சொல்லிடுறதுக்கு அவுட்டிங்னு பேரு, 1990 வாக்குல பத்திரிகைகள்ல பரவுன சொல். பேச்சுல போட்டுக்கொடுக்குறதுன்னா எல்லாருக்கும் புரியும். அகப்பாட்டுல இதுக்கும் சொல் உண்டு, சில பேர் கிசுகிசுத்தா அம்பல், ஊரே வாய்விட்டு பேசுனா அலர். கடிதத்துக்கு இது நேரடியா சம்பந்தப்பட்டது, ஏன்னா எழுதுனது கை மாறும், போட்டோ எடுத்து சித்தப்பாவுக்கு அனுப்பிடலாம், அதுவும் கெட்ட எண்ணத்துல இல்லாம யார்கிட்டயாவது அழுது தீக்கணும்னே அனுப்பலாம். அதனால கையெழுத்துக்கு மேல ஒரு வரி எழுதிடுங்க: “இத யார்கிட்டயாவது பேசணும்னு உங்களுக்கு தோணும், அது நியாயம்தான், ஆனா யார்கிட்டன்னு முதல்ல என்ன கேளுங்க, நானே ஒருத்தர சொல்றேன்.” அந்த ஒருத்தர்கிட்ட முன்னாடியே பேசி வச்சுட்டு, அவங்க ஃபோன் நம்பரையும் கீழ எழுதிடுங்க.