மாடம்: குருத்தணு குடியிருக்கும் இடத்துக்கு ஒரு பெயர்

புற்றுநோய் ஆய்வைப் பற்றிய கட்டுரை எதைத் தமிழாக்க எடுத்தாலும் 'நிஷ்' (niche) என்ற சொல் வந்து நிற்கிறது. புற்றுநோய்க் குருத்தணுக்கள் தங்கியிருக்கும் இடத்தின் பெயர் அது. குருத்தணு என்பது ஸ்டெம் செல்: தானும் பெருகி, பிற அணுக்களையும் பிறப்பிக்கும் அணு. சிலர் 'வாழிடம்' என்கிறார்கள், சிலர் 'நுண்சூழல்' என்கிறார்கள். வாழிடம் என்றால் யானைக்குக் காடு போல ஒரு பெரும்பரப்பு கண்முன் விரிகிறது. நுண்சூழலோ கட்டியின் சுற்றுப்புறம் முழுவதையும் குறிக்கும் வேறொரு கலைச்சொல்லுக்கு ஏற்கெனவே உரியதாகிவிட்டது. 'மாடம்' என்றே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

நிஷ் பிரெஞ்சுச் சொல். கூடு கட்டுதலைக் குறிக்கும் வினையோடும், கூட்டைக் குறிக்கும் 'நீடுஸ்' என்ற இலத்தீன் சொல்லோடும் அகராதிகள் இதைச் சேர்க்கின்றன. கட்டடக் கலையில் இது சிலை வைக்கச் சுவரில் விடும் குழிவு. அமெரிக்க விலங்கியலாளர் ஜோசப் கிரின்னல் 1917-ல் கலிஃபோர்னியப் பறவை ஒன்றைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு சூழலியலில் வேரூன்றியது. 1978-ல் மான்செஸ்டரில் பணியாற்றிய ரே ஸ்கோஃபீல்டு அதை எலும்பு மஜ்ஜைக்குள் கொண்டுவந்தார்.

சுவரில் விடும் குழிவுக்குத் தமிழில் பெயர் தேட வேண்டியதே இல்லை. சிவன் கோயில் கருவறையின் தென்சுவரில் தட்சிணாமூர்த்தி அமர்ந்திருக்கும் இடம் கோட்டம், பேச்சில் கோஷ்டம். வீட்டுச் சுவரில் அகல் வைக்கும் குழிவு மாடம், மாடக்குழி. சில ஊர்களில் பிறை. கூடு என்ற மூலப்பொருளுக்கும் நம்மிடம் துணை உண்டு: மாடப்புறா.

எங்கள் பாட்டி வீட்டு வாசல் நிலையை ஒட்டி ஒரு மாடம் இருந்தது. இரண்டு கை அகலம், மேலே வளைவு, வளைவின் உட்புறம் முழுவதும் கரி. ஐப்பசிக் காற்றில் திண்ணையில் வைத்த அகல் உடனே அணைந்துவிடும். மாடத்துக்குள் வைத்தது விடியும்வரை எரியும். எண்ணெயும் திரியும் ஒன்றுதான், இருந்த இடம்தான் வேறு.

ஸ்கோஃபீல்டு சொன்னதும் ஏறக்குறைய இதுதான். இரத்தக் குருத்தணு குருத்தாகவே நீடிப்பதற்கு அது இருக்கும் இடமும் காரணம். இடத்தை விட்டு விலகினால் அது முதிர்ந்து இரத்த அணுவாகிவிடும். காலியான இடத்தில் வந்து அமரும் இளம் அணு குருத்தாகலாம்.

புற்றுக்கட்டிக்கும் இதே ஏற்பாடு உண்டு. மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2007-ல் மூளைக்கட்டிகளை ஆராய்ந்தபோது, குருத்தணுக்கள் நுண்குருதிக்குழல்களை ஒட்டிக்கொண்டிருந்தன. குழலின் உட்சுவர் அணுக்கள் சுரக்கும் பொருள்கள் அவற்றைக் குருத்தாகவே வைத்திருந்தன. எலிகளில் அந்தக் குழல்களைக் குறைத்தபோது குருத்தணுக்களும் குறைந்தன. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2010-ல் கண்டது இன்னும் கலங்க வைப்பது: பெருங்குடல் புற்றில் சுற்றியிருக்கும் இணைப்புத்திசு அணுக்கள் விடுக்கும் ஒரு சமிக்ஞை, முதிரத் தொடங்கிவிட்ட புற்றணுவைக்கூடத் திரும்பக் குருத்தாக்கிவிடுகிறது. மருந்து குருத்தணுக்களை மட்டும் அழித்து மாடத்தை விட்டுவைத்தால், அந்த இடத்துக்கு வேறோர் அணு வந்துவிடலாம்.

இங்கே உவமை ஓரளவு தளர்வதையும் சொல்ல வேண்டும். வீட்டு மாடம் பேசாது. கட்டிக்குள் இருக்கும் மாடம் பேசுகிறது. சில செய்திகள் திரவத்தில் கரைந்து வருகின்றன. 'நாட்ச்' என்ற சமிக்ஞை மட்டும் பெரும்பாலும் அணுவும் அணுவும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் கடக்கும், தோளைத் தொட்டுச் சொல்வதுபோல. (பழ ஈயின் இறகு ஓரத்தில் தெரிந்த வெட்டிலிருந்து வந்த பெயர் அது.) விளக்கும் சும்மா இருப்பதில்லை. மூளைப்புற்றின் குருத்தணுக்கள் புதுக் குருதிக்குழல்களை வரவழைக்கும் புரதத்தைச் சுரக்கின்றன; தமக்கான மாடத்தைத் தாமே குடைந்துகொள்கின்றன.

மங்கலமான சொல்லை நோய்க்குக் கொடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் வருத்தப்பட்டார். அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் இச்சொல் முதலில் நலமான மஜ்ஜைக்கு வைத்தது. உடல் தன் குருத்தணுக்களைக் காக்கும் வழியையே புற்று களவாடுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால்தான் அந்தக் களவு தெரியும். குருத்தணு என்பதையும் இதே காரணத்துக்காக விடாமல் பிடித்துக்கொள்கிறேன். 'ஸ்டெம்' என்பதை நேராகத் தமிழாக்கிய 'தண்டணு' தவறான படம் தருகிறது. பனையின் மட்டைகளை எத்தனை வெட்டினாலும் குருத்து இருக்கும்வரை மரம் துளிர்க்கும். சிகிச்சைக்குப் பின் கட்டி திரும்ப வருவதை விளக்க இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியாது.

மாடம் என்று வைத்துக்கொண்டால் கூட்டுச்சொற்களும் எளிதாக அமைகின்றன. குருதிக்குழலை ஒட்டியது குழலோர மாடம். உயிர்வளி குறைந்த பகுதியில் அமைவது வளிக்குறை மாடம். 2005-ல் நியூயார்க்கில் டேவிட் லைடன் குழுவினர் விவரித்த ஒன்று உண்டு: புற்றணுக்கள் நுரையீரலை எட்டுவதற்கு முன்பே, கட்டி அனுப்பும் செய்திகளால் மஜ்ஜை அணுக்கள் அங்கே போய் இடம் ஆயத்தம் செய்கின்றன. இதற்கு 'முன்மாடம்' என்று எழுதி வருகிறேன்.