குறைத்துச் சாப்பிட்டும் நிறை குறையவில்லையா? கலோரி போதுமா என்று முதலில் பாருங்கள்

காலையில் சீனி போடாத பிளேன்ரீயும் இரண்டு மாரி பிஸ்கட்டும். மத்தியானம் நாலு கரண்டி சோறும் கொஞ்சம் பருப்பும். இரவுக்கு ஒரு துண்டுப் பப்பாசி, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. நிறையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்த பலருடைய சாப்பாடு அடுத்த நாளே இப்படி ஆகிவிடுகிறது. கூட்டிப் பார்த்தால் 600, 700 கலோரிதான் வரும். ஐந்து வயதுப் பிள்ளைக்கே ஒரு நாளைக்கு இதைவிடக் கூட வேண்டும்.

முதல் வாரத்தில் தராசு 2 கிலோ இறங்கும். அதைப் பார்த்து வருகிற சந்தோசம்தான் பெரிய இடைஞ்சல். இறங்கியதில் பெரும்பங்கு கொழுப்பல்ல, தண்ணீர். ஈரலிலும் தசையிலும் 400 முதல் 500 கிராம் வரை கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து, இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைத் திடீரென்று வெட்டினால் அந்தச் சேமிப்பு செலவாகி, தண்ணீரும் சிறுநீரோடு போய்விடும். ஒரு கிலோ உடற்கொழுப்பு கரைய வேண்டுமானால் ஏறக்குறைய 7,700 கலோரி குறைபட வேண்டும். ஒரே வாரத்தில் 2 கிலோ கொழுப்பு என்பது அநேகருக்கு நடக்காத கணக்கு.

மூன்றாம், நான்காம் வாரத்தில் தராசு நின்றுவிடும். "உடம்பு பட்டினி நிலைக்குப் போய்விட்டது, இனி எதைச் செய்தாலும் குறையாது" என்று பலர் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. உடம்பு தன் செலவைக் குறைக்கும், ஆனால் அடியோடு நிறுத்தாது. சோர்வு வந்ததும் நம்மை அறியாமலே அசைவு குறையும்: மாடிக்கு ஒருமுறை ஏறுவதோடு சரி, கடைக்கு நடக்காமல் ஓட்டோ பிடிப்போம், நின்று செய்த வேலையை இருந்து செய்வோம். கூடவே, பகல் முழுக்க அடக்கிய பசி இரவு ஒன்பது மணிக்குப் பழி வாங்கும். பிள்ளைகள் மிச்சம் விட்ட புட்டு, ஒரு பிடி மிக்சர், அடிச்சட்டியில் கிடக்கும் பொரியல் என்று நின்ற நிலையில் வாயில் போட்டதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது சுலபமாக 500 கலோரி தாண்டும். இதை மனவுறுதி இல்லாதவர்களின் பலவீனம் என்று பார்ப்பது தவறு. பட்டினி கிடக்கும் எந்த உடம்பும் செய்கிற வேலை இது.

1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாமாக முன்வந்து ஓர் ஆய்வில் ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தார்கள். கிடைத்தது நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. நிறையில் கால்வாசி போனது. அதோடு குளிர் தாங்காமை, எரிச்சல், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு எல்லாம் வந்தன. கட்டுப்பாடு நீங்கிய பின்னும் பலருக்குப் பசி அடங்க நெடுநாள் எடுத்தது. அவர்கள் ஏற்கெனவே மெலிந்த ஆண்கள், வாரத்துக்கு 35 கிலோமீற்றர் நடந்தவர்கள். ஆகவே 1,570 என்பது எல்லோருக்கும் பட்டினி என்று எடுக்க வேண்டாம். 700 கலோரியில் ஓர் உடம்பு என்ன பாடுபடும் என்பதை மட்டும் யோசியுங்கள்.

சரி, எவ்வளவு வேண்டும்? ஒரு கணக்குப் போடுவோம். நிறையைக் கிலோவில் எடுத்து 10ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண் என்றால் இன்னும் 161 கழிக்க வேண்டும். ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும். 38 வயது, 155 சென்ரிமீற்றர், 72 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு 720 + 969 − 190 − 161, அதாவது 1,338 வரும். அசையாமல் படுத்திருந்தாலே செலவாகும் அளவு இது. பெரும்பாலும் இருந்தே வேலை செய்பவர் இதை 1.2ஆலும், வீட்டுவேலையும் கொஞ்சம் நடையும் உள்ளவர் 1.375ஆலும் பெருக்க வேண்டும். நம் உதாரணப் பெண்ணுக்கு 1.375ஆல் பெருக்கினால் 1,840. அதில் 400 கழித்தால் 1,440. அவர் சாப்பிட வேண்டியது இவ்வளவு. குறைப்பு 300க்கும் 500க்கும் இடையில் இருந்தால் போதும். வாரத்துக்குக் கால் கிலோவுக்கும் அரைக் கிலோவுக்கும் இடையில் இறங்கும். கணக்கு எதைச் சொன்னாலும், பெண்கள் 1,200க்குக் கீழும் ஆண்கள் 1,500க்குக் கீழும் தாமாகப் போகக்கூடாது. 800க்குக் கீழான உணவுத் திட்டங்கள் வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டும் செய்யப்படுபவை.

1,440 என்றதும் "அவ்வளவா?" என்று கேட்பவர்களே அதிகம். தட்டில் வைத்துப் பார்த்தால் அது பெரிய சாப்பாடல்ல. காலையில் நடுத்தர அளவு இடியப்பம் நாலு, அரைக் கோப்பை பருப்புக்கறி, ஒரு அவித்த முட்டை, ஒரு மேசைக்கரண்டி சம்பல்: ஏறக்குறைய 380. பத்தரைக்கு அரைக் கோப்பை அவித்த கடலை: 130. மத்தியானம் 200 கிராம் சோறு (சாதாரணத் தேநீர்க் கோப்பையால் ஒன்றேகால் கோப்பை), 100 கிராம் மீன் போட்ட கறி, முருங்கைக்கீரை வறை, இன்னொரு மரக்கறி: 550. நாலு மணிக்குச் சீனியில்லாத பால்தேத்தண்ணீர்: 80. இரவு முக்கால் கோப்பை குரக்கன் புட்டு, ஒரு சின்ன மீன்துண்டு, கத்தரிக்காயோ பயற்றங்காயோ வைத்த கறி: 300. கையளவும் சமையலும் வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் 50 முன்பின்னாக வரலாம், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். இந்தத் தட்டுகளில் 70 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். நிறை குறைக்கும் காலத்தில் ஒரு கிலோ உடல் நிறைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதமாவது வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். தசை போன உடம்புக்குச் செலவும் குறைவு. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் நிறை ஏறும், ஏறுவதில் பெரும்பகுதி கொழுப்பாக இருக்கும்.

எங்கள் பக்கத்துச் சாப்பாட்டில் சோற்றைப் பாதியாக்கினால் கறியும் தானாகப் பாதியாகிவிடும். பிசைந்து சாப்பிடச் சோறில்லையென்றால் மீனும் கீரையும் யாருக்கு இறங்கும்? கலோரியைக் குறைக்கிறோம் என்று நினைத்து, குறையவே கூடாத புரதத்தையும் இரும்புச்சத்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். ஆகவே முதலில் மீனையும் கீரையையும் தட்டில் போடுங்கள், கடைசியாகச் சோற்றைப் போடுங்கள். கடல் பக்கத்தில் இருக்கிற ஊரில் புரதத்துக்குப் பவுடர் டின் தேவையில்லை. சூடை, சாளை, பாரை, சூரை, கணவாய் எதுவானாலும் 100 கிராமில் 16 முதல் 24 கிராம் வரை புரதம் உண்டு. அதிலும் சூடையும் சாளையும் நல்ல கொழுப்பும் தருவன. முள்ளோடு மென்று சாப்பிடக்கூடிய சின்ன மீன் என்றால் கல்சியமும் கிடைக்கும். மீனைக் குழம்பாக வையுங்கள். பொரித்தால் அதே துண்டு எண்ணெயைக் குடித்து நூறு கலோரி கூட ஏற்றிக்கொள்ளும்.

மரக்கறிச் சாப்பாட்டுக்காரர் பருப்பை மட்டும் நம்ப முடியாது. எங்கள் பருப்புக்கறி தண்ணீராக இருக்கும். அரைக் கோப்பையில் 4, 5 கிராம் புரதம்தான் வரும். கடலை, பயறு, கௌப்பி ஏதாவது ஒன்று தினமும் ஒரு வேளைக்கு வேண்டும். உலர்ந்த சோயா மீற் 30 கிராமில் 15 கிராம் புரதம் இருக்கிறது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சட்டித் தயிர் நல்ல உணவு. அதன் மேல் பாணியை ஊற்றுவதை மட்டும் நிறுத்துங்கள்.

வெட்ட வேண்டியது எது? ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. தாளிக்கும்போது கை போன போக்கில் ஊற்றாமல் கரண்டியால் அளந்தாலே நாளுக்கு 200 மிச்சம். ஒரு பிடி தேங்காய்ப்பூ, அதாவது 30 கிராம், 100 கலோரிக்கு மேல். சம்பல், புட்டு, சொதி, வறை என்று நாலு இடத்திலும் தேங்காய் விழும்போது அது பெரிய தொகை. தேங்காயை விலக்கச் சொல்லவில்லை. ஒரு வேளையில் ஒரு பண்டத்தில் மட்டும் வரட்டும், சொதிக்கு இரண்டாம் பால் போதும். நாளுக்கு ஐந்து தேத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் இரண்டரைக் கரண்டி சீனி என்றால் அதுவே 200ஐத் தாண்டும். ஒரு றோல்ஸ் ஏறக்குறைய 200. இவற்றிலிருந்து 400ஐ எடுக்க முடிந்தால் சோற்றுத் தட்டில் கைவைக்க வேண்டிய அவசியமே பலருக்கு வராது.

விரதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கந்தசஷ்டி ஆறு நாளும், வெள்ளிக்கிழமையும், ரமழான் நோன்பும் வழிபாடு. அவற்றை நிறை குறைக்கும் திட்டத்தோடு கலக்காதீர்கள். பாலும் பழமும் மட்டும் எடுக்கும் நாட்களில் கூடுதலாக வெட்ட எதுவுமில்லை. நோன்பு காலத்தில் நிறை குறையட்டும் என்று சஹர் உணவைத் தவிர்ப்பவர்கள், நோன்பு திறக்கும் நேரத்தில் சமோசாவிலும் றோல்ஸிலும் அதைவிடக் கூட எடுத்துவிடுகிறார்கள். சஹருக்கு முட்டையோ மீனோ பயறோ கட்டாயம் இருக்கட்டும்.

உடற்பயிற்சியில் இரண்டு தவறுகள் உண்டு. ஒன்று, நடந்ததை அளவுக்கு மீறி மதிப்பது. 72 கிலோ உள்ளவர் கடற்கரையில் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் 120, 130 கலோரி செலவாகும். திரும்பும் வழியில் ஒரு வடையும் சீனித் தேத்தண்ணீரும் எடுத்தால் கணக்குச் சமன். மற்றது, வெறும் வயிற்றில் வெயிலில் நடப்பது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை எட்டு மணிக்கே உடம்பு வற்றிவிடும். வியர்வையில் போன தண்ணீரைத் தராசு நிறைக்குறைவாகக் காட்டும், அதை நம்பாதீர்கள். நடையோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள்: கதிரையில் இருந்து எழும்பி உட்காருவது 10 தடவையாக மூன்று முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் அப்படியே.

தினமும் தராசில் ஏறி மனம் நோக வேண்டாம். வாரத்தில் ஒரே நாள், காலையில் மலசலம் கழித்த பின், சாப்பிட முதல் நிறுங்கள். முதல் நாள் கருவாடு சாப்பிட்டிருந்தால், மாதவிடாய் நெருங்கியிருந்தால் ஒரு கிலோ கூடக் காட்டும். இடுப்பையும் அளவுநாடாவால் அளந்து எழுதி வையுங்கள். எங்கள் ஆட்களில் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் ஆண்களுக்கு 90உம் தாண்டினால் கவனம் வேண்டும். தராசு நின்ற வாரத்திலும் இடுப்பு குறைந்திருந்தால் நீங்கள் சரியான வழியில்தான் போகிறீர்கள்.

போதாமல் சாப்பிடுகிறீர்கள் என்பதை உடம்பு சொல்லும். எழும்பும்போது தலைச்சுற்று, மலச்சிக்கல், வெயில் ஊரிலும் கைகால் குளிர்வது, நடுச்சாமத்தில் விழிப்பு எல்லாம் முதலில் வரும். முடி உடனே கொட்டாது. இரண்டு, மூன்று மாதம் கழித்துக் கொத்தாக வரும்போது பலர் ஷாம்பூவை மாற்றுகிறார்கள், காரணம் பழைய பட்டினி என்று தெரியாமல். மாதவிடாய் தள்ளிப்போவதும் நின்றுபோவதும் அற்பமல்ல. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் உருவாகும் ஆபத்து கூடும்.

கர்ப்பிணிகள் நிறை குறைக்க முயலவே கூடாது. பாலூட்டும் தாய்க்கு வழமையைவிட ஏறக்குறைய 500 கலோரி கூட வேண்டும். வளரும் பிள்ளைகளின் சாப்பாட்டை வீட்டில் யாரும் தாமாக வெட்டக்கூடாது. நீரிழிவுக்கு இன்சுலின், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் எடுப்பவர்கள் மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழும்வரை போகும். பிரஷர் குளிசை எடுப்பவருக்கு நிறை குறையக் குறைய அந்தக் குளிசையின் அளவே தேவைக்கு மிஞ்சிப்போகலாம். இவர்கள் கிளினிக்கில் சொல்லி மருந்தைச் சரிசெய்த பிறகு தொடங்க வேண்டும். மருந்தெதுவும் எடுக்காதவர்களும் இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்தில் நிறை, பிரஷர், இரத்தச் சீனியை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சில மாதம் கழித்து நம் உதாரணப் பெண் 65 கிலோவுக்கு வந்திருப்பார். அப்போது அதே கணக்கு 1,840 அல்ல, 1,743 காட்டும். சின்ன உடம்புக்குச் செலவும் சின்னது. குறைவு மெதுவாவது இதனால்தான். அந்த 100 கலோரியை எண்ணெயிலோ தேங்காயிலோ எடுக்கலாம், அல்லது நடையை 25 நிமிடம் நீட்டலாம். மீன்துண்டையும் காலைச் சாப்பாட்டையும் தொடாதீர்கள். சொன்னபடி போதியளவு சாப்பிட்டு, எழுதி வைத்து, ஆறு வாரமாகியும் தராசும் இடுப்பும் இரண்டும் அசையவில்லை என்றால், இன்னும் வெட்டுவதற்கு முதல் தைரொயிட்டுக்கு ஒரு இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.