ஓடுபாதையில் சில மில்லிமீட்டர் பனிச்சேறு

ஓடுபாதையில் பனி என்றதும், தரையிறங்கும் விமானம் வழுக்கிச் செல்வதுதான் பலருடைய மனத்தில் எழுகிறது. விமானியாகிய எனக்கு அதைவிடக் கவலை தருவது புறப்பாடு. அதிலும், இறுகிய பனியைக் காட்டிலும் பாதி உருகிக் கூழாகக் கிடக்கும் பனிச்சேறு.

இறுகிய பனி பிரேக்கின் பிடிப்பைக் குறைக்கும். பனிச்சேறு அதையும் செய்து, சக்கரங்களுக்கு முன்னே அடர்ந்து, அடிப்பகுதியில் தெறித்து, கூடிவரும் வேகத்தையும் தடுக்கும். 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில், மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியினர் பயணித்த விமானம் 117 நாட் (மணிக்கு ஏறத்தாழ 217 கி.மீ.) வேகத்தை எட்டிய பிறகு, ஓடுபாதையின் பிற்பகுதியில் கிடந்த பனிச்சேற்றில் நுழைந்ததும் வேகம் 105 நாட்டாக இறங்கியது. மேலெழ முடியாத அவ்விமானம் வேலியை உடைத்துக்கொண்டு சென்று ஒரு வீட்டில் மோதியது. 23 பேர் உயிரிழந்தனர். இறக்கையில் படிந்த பனியை நீக்கத் தவறியதாக முதலில் விமானி மீது சுமத்தப்பட்ட பழி, பிரிட்டனில் நடந்த மறுவிசாரணைக்குப் பின் 1969இல்தான் நீங்கியது.

ஒவ்வொரு புறப்பாட்டுக்கு முன்பும் 'வீ-ஒன்' என்ற வேகத்தைக் கணக்கிடுகிறோம். அதற்குள் நிறுத்தும் நடவடிக்கையைத் தொடங்கினால்தான் எஞ்சிய ஓடுபாதைக்குள் விமானம் நிற்கும். வேகம் கூடவும் அதிக தூரம், நிற்கவும் அதிக தூரம் என்றாகும்போது அந்த எண்ணைக் குறைக்க வேண்டும். பல வேளைகளில் எடையையும் குறைக்க வேண்டியிருக்கும். வழக்கமாக எஞ்சினின் முழு விசையைப் பயன்படுத்தாமல் புறப்படும் முறையும் இத்தகைய பாதையில் கூடாது. அன்று இரைச்சல் கூடுதலாகக் கேட்பது இதனால்தான்.

இந்தக் கணக்கு முழுவதும் ஓர் அறிக்கையை நம்பி நிற்கிறது. 2021 நவம்பரில் உலகளவில் நடைமுறைக்கு வந்த முறைப்படி, ஓடுபாதையை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நிலையையும் 6 முதல் 0 வரை குறியிட்டு, படிந்திருப்பது என்ன, எவ்வளவு ஆழம் என்பதையும் தெரிவிக்கிறார்கள். உலர்ந்த பாதைக்கு 6. பனிச்சேற்றின் ஆழம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினாலே கணக்கு மாறிவிடும். ஆனால் பனி தொடர்ந்து பெய்யும்போது, அரை மணி நேரத்துக்கு முன் அளந்த ஆழம் இப்போதைய ஆழம் அன்று.

ஆகவே, அறிக்கை பழையதாகத் தோன்றினால் மறு ஆய்வு கேட்பது என் வழக்கம். வாகனம் பாதை முழுவதும் சென்று திரும்பும்வரை காத்திருக்க நேரும். அதற்குள் இறக்கையில் தெளித்த பனிநீக்கும் திரவத்தின் காலம் முடிந்துவிட்டால், மீண்டும் தெளிக்கத் திரும்பவும் நேரும். கதவு மூடிய பிறகும் விமானம் நகராமல் நிற்கும் அந்த நிமிடங்களில், விமானி அறையில் புதிய ஆழத்தை இட்டு அதே கணக்கை மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறோம்.