விண்ணப்பச் சீட்டின் பின்பக்கம்

சனிக்கிழமை சாயங்காலம் சபையின் விண்ணப்பப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சீட்டாக வாசித்து ஜெபிப்பது என் வழக்கம். போன வாரம் 37 சீட்டுகள். வேலை, கடன், மகளுக்கு வரன், மாமியாரின் முழங்கால் வலி, பட்டா, ஆப்பரேஷன். நன்றி என்று ஒரு வரி எதிலும் இல்லை. ஒரு கையெழுத்து எனக்குப் பழக்கமானது. மகனுக்கு வேலை வேண்டும் என்று இரண்டு வருடமாக எழுதிய அம்மா. அவனுக்கு எண்ணூர் பக்கம் வேலை கிடைத்து மூன்று மாதம் ஆகிறது. அதையும் மார்க்கெட்டில் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இந்த வாரச் சீட்டில், "மகன் பெர்மனென்ட் ஆக வேண்டும்."

கேட்பது தவறே இல்லை. கேளுங்கள் என்று ஆண்டவரே சொன்னார். ஆனால் அந்த அம்மாவிடம் பேசியபோது, "பெர்மனென்ட் ஆனதும் மொத்தமா சாட்சி சொல்லி காணிக்கை வைக்கலாம்னு இருக்கேன் பாஸ்டர்" என்றார்.

ஊழியத்தில் நான் கேட்டுக் கேட்டுச் சலித்த பதில் இது. வீடு கட்டி முடிச்சதும், கல்யாணம் ஆனதும், ரிப்போர்ட் நார்மல்னு வந்ததும். நன்றியைக் கடைசித் தவணையாக ஒதுக்கி வைத்திருக்கிறோம், காரியம் முடிந்தால் கட்டிவிடலாம் என்று. இதை யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது? ஒவ்வொரு திருவிருந்திலும் என்ன வாசிக்கிறோம்? "தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே" இயேசு அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணினார், அதாவது நன்றி சொன்னார். எந்தக் காரியம் கைகூடிய ராத்திரி அது? கூடவே உட்கார்ந்து சாப்பிட்டவன் காட்டிக்கொடுக்கப் போகிறான், விடிந்தால் சிலுவை. தானியேலைப் பாருங்கள். சட்டத்தில் கையெழுத்தாகிவிட்டது, ஜெபித்தால் சிங்கக் கெபியில், சிங்கங்களின் குகையில், போடுவார்கள் என்று தெரிந்த பிறகும் வீட்டுக்குப் போய், தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டு ஜெபம்பண்ணி ஸ்தோத்திரம் செலுத்தினார். "தான் முன் செய்துவந்தபடியே" என்று அங்கே இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள். கெபி வருவதற்கு முன்பே பழக்கம் இருந்தது.

காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், வீட்டில் காசு புரளாது. அப்படி ஒரு மே மாதம், விடியற்கால ஜெபத்தில், கூடையில் மீன் விற்கிற ஒரு அம்மா ஜெபித்தது இன்னும் காதில் இருக்கிறது. "ஆண்டவரே, நேத்து தண்ணி லாரி சீக்கிரம் வந்துச்சு, ரெண்டு குடம் கூடவே கெடச்சுது, ஸ்தோத்திரம். பேரப்புள்ள ராத்திரி இருமாம தூங்குனான், ஸ்தோத்திரம். எதிர்வூட்டு அக்கா அரிசி குடுத்துச்சு, ஸ்தோத்திரம்." அப்புறம்தான் வட்டிக்கடனைச் சொல்லி அழுதார். அவர் அழுகையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். துக்க வீட்டில் போய், "அழாதீங்க சிஸ்டர், ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று யாரையும் நெருக்காதீர்கள். இறந்துபோன சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசுவே கண்ணீர் விட்டார். தயவுசெய்து அவர்களை அழ விடுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? "ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்" என்று மூச்சுவிடாமல் நூறு முறை சொல்வதை நிறுத்துங்கள். எதற்கு என்று பேர் சொல்லிச் சொல்லுங்கள். களைத்து வந்த நாளில் ஒன்று போதும். ராத்திரி குடும்ப ஜெபத்தில் போனைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் பிள்ளைகளைப் பேச விடுங்கள். தொலைந்த ரப்பர் கிடைத்தது என்பார்கள்; சிரிக்காதீர்கள், ஆமென் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள்.

சக ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரிய அற்புதம் நடந்தவர்களிடமே மைக்கைக் கொடுத்து, மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று பழக்கியது நாம்தான்.

இந்த வாரத்திலிருந்து எங்கள் சபையில் சீட்டின் பின்பக்கம் நன்றிக்கு. மகன் வேலைக்காகச் சீட்டு எழுதிய அந்த அம்மா, "என்ன எழுதுறது பாஸ்டர்?" என்றார். மகன் முதல் சம்பளத்தில் என்ன வாங்கினான் என்று கேட்டேன்.

"எனக்குக் கண்ணாடி வாங்கிக் குடுத்தான். இப்பதான் பைபிள்ல எழுத்தெல்லாம் தெளிவா தெரியுது."

"அதை எழுதுங்கம்மா" என்றேன்.