பொம்மையின் தலை தொங்கினால் தோளைப் பாருங்கள்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். தோள்வலி என்று ஓர் அண்ணன் வந்தார். பாலர் பள்ளிகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் தனியாளாகக் கைப்பொம்மை ஆட்டுபவர். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: "மிஸ், இப்பல்லாம் கதை பாதி போறதுக்குள்ள சிங்கத்தோட தல தானா தொங்கிடுது. பிள்ளைங்க சிரிக்குதுங்க, சமாளிச்சிடுறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொம்மையின் கழுத்துக்குள் இருப்பது ஆட்டுபவரின் ஆள்காட்டி விரல். கட்டைவிரலும் நடுவிரலும்தான் அதன் கைகள். தலை தொங்குகிறது என்றால் விரல் மரத்துப்போகிறது, அல்லது பலமிழக்கிறது.

மறுமுறை மேடையையே கொண்டுவரச் சொன்னேன். உடம்பில் மாட்டிக்கொள்ளும் மேடை அது. அவர் அதைக் 'கூடு' என்பார். பிவிசி குழாய்ச் சட்டம், முன்னால் ஒரு பலகை, சுற்றிலும் கறுப்புத் துணி, பழைய பள்ளிப்பையிலிருந்து வெட்டியெடுத்த இரண்டு வார்கள். ஸ்பீக்கரோடு சேர்த்து 7 கிலோ இருந்தது. அதை மாட்டிக்கொண்டு, கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடி 30 நிமிடம் ஆட்டுகிறார். சட்டையை விலக்கிப் பார்த்தால், கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் காறை எலும்பை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு வார் பதிந்து கன்றிப்போயிருந்தது.

கைக்குப் போகும் நரம்புகள் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவேதான் இறங்குகின்றன. ஒடுங்கிய வார் அங்கே அழுத்தினால் விரல்வரை மரத்துப்போகலாம். கனமான பை சுமந்து மலையேறுபவர்களுக்கும் இது வருவதுண்டு. தூக்கிய கையே ஒரு சுமைதான்: ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு, 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. தோளுக்கு மேல் தூக்கி நிறுத்தினால், தோள்பட்டைக்குள் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் எலும்புகளுக்கிடையே நெருக்குப்படலாம்.

பழைய கலைஞர்கள் தோளில் சுமை ஏறாதபடி தெரிந்தே செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். 1630களில் ரஷ்யாவில் பயணம் செய்த ஜெர்மானிய அறிஞர் ஆடம் ஒலேயாரியுஸின் நூலில் ஒரு படம் உண்டு. பொம்மையாட்டி இடுப்பில் கட்டிய துணியையே தலைக்கு மேல் திரையாக உயர்த்தியிருப்பார். தோளில் எதுவும் இல்லை. சீனாவில் தனியாள் கைப்பொம்மைக்காரர் மேடையைத் தோள்கழியில் தூக்கி ஊர் ஊராகப் போவார். ஆடும்போது அதே கழி மேடையைத் தாங்கி நிற்க, அவர் துணிக்குள் உட்கார்ந்திருப்பார். நம் காவடியும் முதலில் தோள்கழிதானே! தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் பெரிய காவடிகளைக் கவனியுங்கள். சட்டத்தை இடுப்புப் பட்டையோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள்.

நாங்கள் செய்ததும் அதுதான். மலையேறும் பை ஒன்றின் அகலமான இடுப்புப் பட்டையைச் சட்டத்தில் பொருத்தினோம். அது வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் விளிம்பில் உட்கார வேண்டும். வார்கள் மேடை ஆடாமல் பிடிக்க மட்டும். ஸ்பீக்கர் முன்னால் தொங்கி அவர் முதுகை வளைத்துக்கொண்டிருந்தது; அதைப் பின்னால் மாற்றினோம். பலகையை மோவாய்க்குக் கீழே இறக்கி, முகத்துக்கு நேரே கறுப்பு வலை தைத்தோம். முழங்கை விலாவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "என் மூஞ்சி தெரிஞ்சிடுமே, மிஸ்!" என்று தயங்கினார். பொம்மை பேசும்போது பிள்ளைகள் வலைக்குப் பின்னால் இருப்பவரைப் பார்ப்பதில்லை.

இன்னும் இரண்டு விஷயம். பினாங்கு வெயிலில், மூடிய துணிக்குள் வியர்வை காயாது. முதுகுப்புறம் திறந்தே இருக்கட்டும், தலை சுற்றினால் உடனே வெளியே வாருங்கள். இரண்டு கையிலும் பொம்மை இருக்கும்போது தடுக்கினால் ஊன்றக் கை கிடைக்காது. நிற்கும் இடத்தை முன்பே நடந்து பாருங்கள். கோயில் மண்டபத்தின் ஈரத் தரையென்றால் இன்னும் கவனம். பட்டையின் கொக்கி ஒரு கையால் கழற்றும்படி இருக்க வேண்டும்.

மேடையைக் கழற்றிய பிறகும் விரல் மரத்தே இருந்தால், கையைத் தூக்கவே முடியாவிட்டால், வலி தூக்கத்தைக் கலைத்தால், தைலம் தேய்த்து நாள் கடத்தாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

30 நிமிடக் கதையை இப்போது அண்ணன் இரண்டாகப் பிரித்திருக்கிறார். நடுவில் சிங்கமும் முயலும் பலகையில் 'தூங்கும்'. பிள்ளைகள் பாடி எழுப்ப வேண்டும். பாட்டு முடிவதற்குள் அவர் கூட்டுக்குள் கைகளைத் தொங்கவிட்டு, பத்து விரல்களையும் மடக்கி விரித்து உதறிக்கொள்கிறார்.