ரூட் என்பது யார்?

“போனை ரூட் பண்ணிட்டேன், ஆனாலும் இந்த ஆப் வேலை செய்யல” என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் அந்தச் சொல்லைச் சரிசெய்யத் தோன்றும், அப்புறம்தான் ஆப்பை. அந்த வாக்கியத்தில் ‘ரூட்’ என்பது போனுக்குச் செய்த ஒரு வேலை. வெள்ளையடித்த மாதிரி, ஒருமுறை செய்துவிட்டால் போன் முழுக்க ஒட்டிக்கொள்ளும் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. ஆனால் ரூட் என்பது ஓர் ஆள். ஆண்ட்ராய்டு போனுக்குள் எல்லா அதிகாரமும் உள்ள பயனர் கணக்கின் பெயர் அது, அதன் எண் 0. அந்த ஆளாகச் செயல்பட ஒரு வழி உண்டாக்குவதைத்தான் ரூட் செய்வது என்கிறோம். இதைப் பிடித்துக்கொண்டால், ரூட் செய்த போனில் வரும் தொல்லைகளில் பாதிக்குக் காரணம் தானாகவே தெரிந்துவிடும்.

தமிழ் எழுத்தில் எழுதும்போது இன்னொரு குழப்பமும் சேர்கிறது. ‘அந்த ரூட்ல போ’, ‘ரூட்டு தெரியுமா’ என்று நாம் தினமும் சொல்லும் ரூட் வேறு சொல், அதற்கு வழி, தடம் என்று பொருள். வீட்டில் இணையம் தரும் ரூட்டர் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. போனில் வரும் ரூட்டுக்கு வேர் என்று பொருள். ஆங்கில எழுத்தில் வேறு வேறாக இருக்கும் இரண்டும் தமிழில் ஒரே உருவத்தில் நிற்பதால், ரூட் செய்வது என்றால் ஏதோ குறுக்கு வழியில் போவது என்று பலர் மனதில் பதிந்திருக்கிறது.

ஆங்கிலத்துக்கு இந்த வேர்ச்சொல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, அங்கே ‘ரோட்’. கணினிக்குள் அது நுழைந்தது யுனிக்ஸ் வழியாக. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய அந்த இயங்குதளத்தில் கோப்புகள் எல்லாம் ஒரு மரம் போல அடுக்கப்பட்டிருந்தன. அடைவுக்குள் (ஃபோல்டர்) அடைவு, அதற்குள் இன்னொன்று, கடைசியில் இலை மாதிரி கோப்பு. மரம் என்றால் வேர் வேண்டுமே, எல்லாக் கிளையும் பிரிந்து வரும் அந்த முதல் இடத்துக்கு வேர் என்று பெயர் வைத்து, ஒரே ஒரு சாய்கோட்டால் (/) குறித்தார்கள். படம் போட்டால் மரம் தலைகீழாக நிற்கும், வேர் உச்சியில் இருக்கும். எல்லா அதிகாரமும் உள்ள கணக்கின் வீட்டு அடைவாக இருந்ததும் அந்த உச்சிதான். வேரில் குடியிருப்பவர் என்பதால் அவர் பெயரும் வேர் ஆகிவிட்டது. பிற்காலத்தில் அவருக்குத் தனி அடைவு ஒதுக்கினார்கள், பெயர் மட்டும் மாறவில்லை.

1971-இல் வந்த யுனிக்ஸின் முதல் கையேட்டிலேயே ‘எஸ்யூ’ (su) என்ற கட்டளை இருக்கிறது. அன்றைக்கு அதன் வேலை ஒன்றுதான்: அதைத் தட்டுபவரை எல்லா அதிகாரமும் உள்ள பயனராக மாற்றுவது. பின்னால் எந்தப் பயனராகவும் மாறிக்கொள்ளலாம் என்று விரிந்தது. அதாவது எஸ்யூ என்றால் ஆள் மாறுதல். ரூட் செய்த போனில் கட்டளைகளைத் தட்டும் ஒரு முனையச் செயலியை (டெர்மினல்) திறந்து எஸ்யூ என்று அடித்துப் பாருங்கள், வரியின் நுனியில் இருந்த $ குறி # ஆக மாறும். போன் அதே போன், ஆப்பும் அதே ஆப். மாறியது கட்டளை யார் பெயரில் ஓடுகிறது என்பது மட்டும்தான்.

ஆண்ட்ராய்டு இந்தப் பழைய ஏற்பாட்டை எடுத்து வேறு விதமாகப் பயன்படுத்தியது, எனக்கு இது மிகவும் பிடித்த இடம். யுனிக்ஸில் ஒரு பயனர் என்றால் ஒரு மனிதர். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பும் ஒரு பயனர். நிறுவும்போதே அதற்கு 10000-க்கு மேல் ஓர் எண் கிடைக்கும், அதன் கோப்புகளை அந்த எண் மட்டுமே திறக்கலாம், பக்கத்து ஆப் எட்டிப் பார்க்க முடியாது. முறைமைக்கு (சிஸ்டம்) எண் 1000. கணினியோடு இணைத்துக் கட்டளை அனுப்பும்போது அதை வாங்கி நடத்தும் நிரலான ஷெல்லுக்கு 2000. இவர்கள் எல்லாருக்கும் மேலே 0, நம் ரூட். கடையில் வாங்கும் போனிலும் இந்த 0 உண்டு, போன் துவங்கும்போது பல வேலைகள் அந்தப் பெயரில்தான் நடக்கின்றன. போனின் உரிமையாளரான உங்களுக்கு அந்த ஆளாக மாறும் வழி கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

அந்த வழி ஒருமுறை தவறுதலாகத் திறந்தும் கிடந்தது. ஆண்ட்ராய்டோடு முதலில் விற்பனைக்கு வந்த ஜி1 போனில், 2008 நவம்பரில் கண்டுபிடித்தார்கள்: விசைப்பலகையில் நீங்கள் எதைத் தட்டினாலும் அது பின்னால் ரூட் பெயரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஷெல்லுக்கும் போய்ச் சேர்ந்தது. நண்பருக்கு அனுப்பும் செய்தியில் ‘ரீபூட்’ என்று தனி வரியாக அடித்தால் போன் அணைந்து திரும்பத் துவங்கும். உடனே திருத்தம் வந்து அடைத்துவிட்டார்கள்.

சரி, இனி தொல்லைகளுக்கு வருவோம். ‘ரூட் பண்ணியும் ஆப் வேலை செய்யல’ என்பதில் முதலில் கேட்க வேண்டியது, அந்த ஆப் இப்போது எந்தப் பெயரில் ஓடுகிறது? போனை ரூட் செய்யப் பயன்படும் மேஜிஸ்க் போன்ற கருவிகள் வைத்திருப்பது ஒரு வாயிற்காவலர். ஆண்ட்ராய்டு 4.3 முதல் ஓர் ஆப் தானாக 0 ஆக மாறவே முடியாது. பின்னணியில் ஏற்கெனவே ரூட்டாக ஓடும் ஒரு சேவையிடம் கேட்க வேண்டும், அது உங்களிடம் கேட்கும், நீங்கள் சரி என்றால் அந்த ஆப்பின் கட்டளையை அது தன் பெயரில் நடத்திக் கொடுக்கும். அந்தக் கேள்வி திரையில் வந்த சில விநாடிகளில் நீங்கள் பதில் சொல்லாமல் விட்டிருந்தால் அது மறுப்பு. முன்பு ஒருமுறை மறுத்தது பட்டியலில் பதிவாகியிருந்தால் மறுபடி கேட்காமலேயே மறுக்கும். அனுமதிப் பட்டியலைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டு போனையே மறுபடி ரூட் செய்கிறவர்கள் அதிகம், பார்க்க வருத்தமாக இருக்கும்.

என்னை இரண்டு இரவு தூங்க விடாத தொல்லை ஒன்று உண்டு. ஒரு குறிப்பேட்டு ஆப்பை அழித்துத் திரும்ப நிறுவினேன், அதற்கு முன்பே அதன் தரவு அடைவை ரூட் கோப்பு மேலாளர் வைத்து அப்படியே நகலெடுத்து வைத்திருந்தேன். நகலைத் திரும்பப் போட்டதும் ஆப் திறக்கிறது, ஒரு நொடியில் மூடிக்கொள்கிறது. கோப்புகள் எல்லாம் இருக்கின்றன, அளவும் சரி. காரணம் எண். நகலெடுத்துப் போட்டது ரூட் என்பதால் அடைவின் சொந்தக்காரர் ரூட் ஆகிவிட்டார், ஆப்புக்கோ திரும்ப நிறுவியதில் புது எண் கிடைத்திருந்தது. தன் வீட்டுக்குள்ளேயே அதற்கு நுழைய உரிமை இல்லை! இதற்குச் செய்ய வேண்டியது: முதலில் புதிதாக நிறுவிய ஆப்பை ஒருமுறை வெறுமனே திறந்து மூட வேண்டும், அதன் அடைவு எந்தப் பயனர் பெயரில் இருக்கிறது என்று பட்டியலிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும் (u0_a143 என்று இருந்தால் எண் 10143), அப்புறம் நகலைப் போட்டு, சொந்தக்காரரை மாற்றும் ‘சோன்’ (chown) கட்டளையால் அந்தப் பெயருக்குத் திருப்ப வேண்டும். எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு ஒவ்வொரு கோப்பின் மேலும் வைக்கும் முத்திரையும் பொருந்த வேண்டும். ஆண்ட்ராய்டு 5.0 முதல் அது முழுக்கக் கட்டாயம், முத்திரை தவறாக இருந்தால் சொந்தக்காரர் சரியாக இருந்தும் கதவு திறக்காது.

அமைப்புகள் தொடர்பான தொல்லை வேறு வகை. ஆண்ட்ராய்டு தன் அமைப்புகளை மூன்று பட்டியலாக வைத்திருக்கிறது: சிஸ்டம், செக்யூர், குளோபல். ஆண்ட்ராய்டு 6 முதல் இவை தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன. ரூட் இருக்கிறதே என்று அந்தக் கோப்பை நேராகத் திறந்து ஒரு மதிப்பை மாற்றிச் சேமித்தால், கொஞ்ச நேரத்தில் பழைய மதிப்பே திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புச் சேவை எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்திருக்கிறது, அடுத்த முறை எழுதும்போது உங்கள் திருத்தத்தின் மேலேயே எழுதிவிடும். ஆண்ட்ராய்டு 12 முதல் அந்தக் கோப்புகள் சாதாரண உரையாகவும் இருப்பதில்லை, உரைத்திருத்தியில் திறந்து சேமித்தால் கோப்பே கெடும். ‘செட்டிங்ஸ்’ என்ற கட்டளை வழியாகவே மாற்றுங்கள். அதற்கு ரூட்டே தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், 2000 எண் கொண்ட ஷெல்லுக்கே அந்த உரிமை உண்டு. வேண்டாத ஆப்பை முடக்குவதற்கும் பெரும்பாலும் ஷெல்லே போதும். இதற்காக மட்டும் ரூட் செய்ய நினைத்தால் முதலில் ஒரு கேபிளை எடுத்துக் கணினியோடு இணைத்துப் பாருங்கள்.

ரூட்டாலும் முடியாதவை உண்டு. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்போடு விற்ற பல போன்களில் முறைமை இருக்கும் சேமிப்புப் பகுதி எழுதவே முடியாதபடி கட்டப்பட்டிருக்கிறது, எண் 0 வந்து தட்டினாலும் எழுத இடம் இல்லை. அதனால்தான் மேஜிஸ்க் அதைத் தொடாமல், துவங்கும்போது அதன் மேல் ஒரு போர்வை போல மாற்றங்களை விரிக்கிறது. வங்கி ஆப் திறக்காததும் எல்லா நேரமும் ரூட்டால் அல்ல. துவக்கியின் (போனைத் துவக்கும் நிரல், பூட்லோடர்) பூட்டு திறந்திருக்கிறதா என்பதைப் போனின் வன்பொருளே சாட்சி சொல்ல, போனை நம்பலாமா என்று ஆப்களுக்குச் சொல்லும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சேவை அதைப் படிக்கிறது, பல ஆப்கள் அந்தப் பதிலைத்தான் கேட்கின்றன. ரூட்டை எவ்வளவு மறைத்தாலும் பூட்டு திறந்தது திறந்ததுதான்.

இனி தமிழ்ச்சொல். ‘மூலப் பயனர்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு, காரணமும் இருக்கிறது, வர்க்கமூலம், கனமூலம் என்று கணக்கில் வேருக்கு மூலம் என்றுதான் படித்தோம். ஆனால் கணினித் தமிழில் மூலம் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. மூல நிரல் என்றால் எழுதப்பட்ட நிரலின் முதல் வடிவம். மூலப் பயனர் என்றால் அதோடு தொடர்புள்ள யாரோ என்று தோன்றும். ‘நிர்வாகி’யும் சரிவராது, அது பதவி, ஒரு கணினியில் பலர் நிர்வாகியாக இருக்கலாம். ‘மீப்பயனர்’ (சூப்பர்யூசர்) அதிகாரத்தைச் சொல்கிறது, மரத்தை விட்டுவிடுகிறது.

எனக்குச் சரியாகப் படுவது வேர்தான். அடைவுக்கு வேரடைவு, ஆளுக்கு வேர்ப்பயனர், அவர் பெயரில் செயல்படும் அனுமதிக்கு வேருரிமை. கடைசிச் சொல்தான் எனக்கு முக்கியம். உரிமை என்றாலே யாருக்கு, யார் கொடுத்தது, திரும்ப வாங்கலாமா என்ற கேள்விகள் கூடவே வரும். ‘ரூட் செய்த போன்’ என்பதில் அந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை. ‘இந்தச் செயலி வேருரிமை கேட்கிறது, கொடுக்கலாமா?’ என்று திரையில் வந்தால், புதிதாகத் தொடங்கும் ஒருவர் விரலை ஒரு நொடி நிறுத்துவார். ரூட் என்று பேச்சில் சொல்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, நானும் அப்படித்தான் சொல்கிறேன், விளக்கி எழுதும் இடத்தில் வேருரிமை வேண்டும்.

ஒரு சின்ன இடர் ‘அமைப்பு’ என்ற சொல்லில் இருக்கிறது. சிஸ்டத்துக்கும் அமைப்பு, செட்டிங்குக்கும் அமைப்பு என்று இரண்டுக்கும் அதையே போடுகிறோம். ‘அமைப்பின் அமைப்பை மாற்றவும்’ என்று எழுதினால் யாருக்குப் புரியும்? சிஸ்டத்துக்கு முறைமை என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது. மேலே நான் அப்படித்தான் எழுதினேன்.

அன்ரூட்டுக்கு வேருரிமை நீக்கல். இதைத் துவக்கியைப் பூட்டுவதோடு குழப்பிவிடாதீர்கள், இரண்டும் வேறு, வரிசை முக்கியம். முதலில் வேருரிமையை நீக்கி, தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் படிமங்களை (இயங்குதளம் அடங்கிய கோப்புகள்) திரும்பப் போட்டு, போன் ஒழுங்காகத் துவங்குகிறதா என்று பார்த்த பிறகே பூட்ட வேண்டும். மாற்றிய படிமம் உள்ளே இருக்கும்போது பூட்டினால் போன் துவங்க மறுக்கலாம், சில போன்களில் அதிலிருந்து மீட்க வழியே இருக்காது. பூட்டைத் திறக்கும்போது தரவு அழிந்தது போலப் பூட்டும்போதும் பெரும்பாலும் அழியும், எனவே படங்களையும் குறிப்புகளையும் முன்பே வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.